153 செ.மீ. உயரம்: இராணுவ அதிகாரிப் பயிற்சியில் இது எவ்வளவு தடையாகும்?

கேள்வி (அம்பாசமுத்திரம் வட்டம், கல்லூரி மாணவி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் நான், மூன்று ஆண்டுகள் தேசிய மாணவர் படையில் இருந்தேன். பட்டம் பெற்றதும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் சேர வேண்டும் என்பது என் எண்ணம். என் உயரம் 153 செ.மீ. பெண்களுக்கான குறைந்தபட்ச உயரம் 152 செ.மீ. என்பதால் விதிப்படி தடையில்லை. ஆனால் ஒருநாள் மாலையில் அளந்தபோது 152.3 மட்டுமே காட்டியது. அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

பீடி சுற்றி என்னைப் படிக்க வைக்கும் அம்மா, "கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா" என்று சொல்லித் தேற்றுகிறார். அம்மாவின் அன்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும், நெடிய உருவம் கொண்டவர்களுடன் சேர்ந்து 49 வாரங்கள் பயிற்சி பெறும்போது எங்கே இடறுவேன், எதற்கு இப்போதே தயாராக வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால்தான் எனக்குத் தெளிவு பிறக்கும்.

மறுமொழி 1 (முன்னாள் கேப்டன், வண்ணார்பேட்டை)

அன்புத் தங்கைக்கு, நான் 154 செ.மீ. அளவைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடு. பகல் முழுவதும் நின்று நடப்பதால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்கி, மாலையில் எவருக்கும் ஏறத்தாழ ஒரு செ.மீ. குறைவது இயல்பு. ஒருநாள் காலையில் எழுந்தவுடன், குதிகாலும் பின்மண்டையும் சுவரில் படும்படி நின்று அளந்து பார்.

தடைதாண்டும் பயிற்சியில் வரும் ஆறடிச் சுவரைக் காட்டித்தான் எல்லோரும் உன்னைப் பயமுறுத்துவார்கள். எனக்கும் முதல் இரண்டு வாரங்கள் அதுவே பெரும் துயரமாக இருந்தது. ஓடிவந்து இரு கைகளாலும் விளிம்பைப் பற்ற முயல்வேன். விரல்நுனி வழுக்கி, முழங்கை உரசித் தோல் கிழியும். எங்கள் உஸ்தாத் (பயிற்றுநர்) ஒருநாள் என்னை நிறுத்தி, சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "கையை மறந்துவிடு, வலது பாதத்தை இந்தக் கோட்டில் வை" என்றார். ஓட்டத்தின் வேகம் பாதத்தின் வழியே மேல்நோக்கிய உந்தலாக மாறியதும், கை தானாகவே விளிம்பைத் தாண்டி முழங்கை வரை ஏறிவிட்டது. அன்று மாலைக்குள் ஏழு முறை ஏறினேன்.

கயிறு ஏறுவதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஆதாயமே உண்டு, ஏனெனில் தூக்க வேண்டிய உடல் எடை குறைவு. கால்களுக்கிடையே கயிற்றைப் பூட்டி நிற்கக் கற்றுக்கொண்டால் போதும். விடுமுறையில் தாமிரபரணிக் கரையில் ஒரு மருத மரத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டித்தான் நான் பழகினேன். இன்சாஸ் துப்பாக்கி ஏறத்தாழ 96 செ.மீ. நீளமும் நான்கு கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது என்பதால், அதை நீட்டிப் பிடித்து நிற்கத் தோள் வலிமை வேண்டும். ஓட்டத்திற்கான நேர வரம்பு பெண்களுக்குத் தனியே உண்டு. உயரத்திற்கென்று எந்தச் சலுகையும் கிடையாது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற ஹவில்தார், பாளையங்கோட்டை)

மகளே, கேப்டன் அம்மா சொன்னவை அனைத்தும் சரி. அணிநடையைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் குட்டையான பிள்ளைகள் உண்மையில் அடிபடுவது சுவரிலன்று, சமதரையில்தான். 'தேஜ் சல்' (விரைவு நடை) கட்டளைக்கு நிமிடத்துக்கு 120 காலடிகள், காலடிக்கு 30 அங்குலம் என்பது கணக்கு. உன் உயரமுள்ளவர்களின் இயல்பான காலடி 25 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். மீதி ஐந்து அங்குலத்தை இடுப்பை இழுத்து எட்டிப்போட்டு, அதை ஆயிரக்கணக்கான அடிகளுக்குத் தொடர்ந்தால், இடுப்பெலும்பில் நுண்ணிய விரிசல் விழும். பிரிட்டன் விமானப்படையில் உயரமான ஆண்களுடன் அடி ஒத்து நடந்து இவ்வாறு காயமடைந்த பெண்களுக்கு 2013இல் அரசு இழப்பீடே கொடுக்க நேர்ந்தது.

ஆகவே இன்றே உன் காலடியை அளந்து பார். வ.உ.சி. மைதானத்தில் பத்துக் காலடிகள் இயல்பாக நடந்து, தொடக்கத்திலும் முடிவிலும் கோடு போட்டு, இடைத்தூரத்தைப் பத்தால் வகுத்துக்கொள். பிறகு வாரத்துக்கு அரை அங்குலம் வீதம் மட்டும் நீட்டு. இடுப்பையும் பின்தொடையையும் வலுப்படுத்தும் பயிற்சியைத் தினமும் செய். கேப்பையும் முருங்கைக்கீரையும் தட்டில் குறையாமல் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

கேப்டன் அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் மிக்க நன்றி. இன்று காலை ஆறு மணிக்கு அளந்தபோது 153.2 செ.மீ. இருந்தது. பத்து அடிகளுக்கு 6.3 மீட்டர் வந்தது. அண்ணாச்சி சொன்னதுபோல் 25 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. மூன்று ஆண்டுகள் மாணவர் படையில் நடந்தும் இதை நான் கவனிக்கவில்லை. ஒரே ஒரு ஐயம்: பயிற்சியின்போது வலி வந்தால் அது சாதாரணத் தசைவலியா, எலும்பு வலியா என்று எப்படி அறிவது?

மறுமொழி 1 (முன்னாள் கேப்டன், வண்ணார்பேட்டை)

தசைவலி பரவலாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் தணியும். ஒரே புள்ளியில், குறிப்பாகத் தொடை இடுக்கிலோ முன்காலெலும்பிலோ, விரலால் அழுத்தினால் சுரீரென்று குத்தி, ஓய்விலும் தொடர்ந்தால் அன்றே மருத்துவ அறைக்குப் போ. குட்டையானவள் என்று ஏற்கெனவே பேசுகிறார்களே, இதையும் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று நான் பத்து நாட்கள் மறைத்தேன். அதன் விளைவாக என் தோழியர் அகாதெமியின் பரமேஸ்வரன் அணிவகுப்புத் திடலில் 'அந்திம் பக்' (பயிற்சியின் இறுதி அடி) கடந்து அதிகாரிகளானபோது, ஒரு பருவம் பின்தள்ளப்பட்ட நான் பார்வையாளர் வரிசையில் ஊன்றுகோலுடன் அமர்ந்திருந்தேன்.