சொல் வேண்டும்: வானிலைச் செயலியில் ‘டியூ பாயிண்ட்’

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, வானிலைச் செயலி ஒன்றின் தமிழ்ப் பதிப்பை நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாம் முடிந்துவிட்டன. காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைக் குறிக்கும் ‘டியூ பாயிண்ட்’ மட்டும் நிற்கிறது. பழைய கோப்பில் ‘பனிப்புள்ளி’ என்று இருக்கிறது, மனம் ஒப்பவில்லை. திரையில் இருப்பதோ சிறு கட்டம். நீளமான சொல் வெட்டுப்படும். எதைப் போடலாம்?

இயற்பியல் ஆசிரியர்:

புள்ளி வேண்டாம். கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என்று படித்துப் பழகிய மாணவருக்கு ‘நிலை’ என்றாலே குறிப்பிட்ட ஒரு வெப்பநிலை என்பது விளங்கிவிடும். ‘பனிவிழுநிலை’ என்றும் யாரும் தொடங்கிவிட வேண்டாம். இந்தப் பனி மேலிருந்து விழுவதில்லை. 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் பனியைப் பற்றி எழுதிய நூலில் இதைத் தெளிவாக்கினார். இரவில் புல்லும் இலையும் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்கின்றன. அவற்றைத் தொடும் காற்றும் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி அங்கேயே துளியாகிறது. ‘விழு’ என்று எழுதினால் பிழையைப் பாடமாக்குகிறோம்.

தமிழாசிரியர்:

அப்படியானால் ‘பனிநிலை’ போதும். பெயராக மட்டும் பார்க்காதீர்கள், ‘பனி’ வினையும்தான். கண்கள் பனித்தன என்கிறோமே, அங்கே எதுவும் மேலிருந்து விழவில்லை, நீர் அங்கேயே ஊறுகிறது. கொதித்த, கொதிக்கின்ற, கொதிக்கும் நிலை கொதிநிலையானது போல, பனித்த, பனிக்கின்ற, பனிக்கும் நிலை பனிநிலை. நல்ல வினைத்தொகை. அந்த வினைக்கு நடுங்குதல் என்ற பொருளும் உண்டு. குளிரால் வரும் நடுக்கம் முந்தியதா, துளி முந்தியதா என்பது தனியே ஆராய வேண்டியது. பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்று இரண்டை வகுத்தவர்கள், இரவின் எந்தப் பகுதியில் பனி மிகுகிறது என்பதைக்கூடக் கவனித்திருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, முன்பனி பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இப்போதைய சிக்கல் வேறு. வெப்பநிலை 35, அதன் கீழே பனிநிலை 25 என்று திரையில் வரும். சுட்டெரிக்கும் பகலில் ‘பனி’ என்ற சொல்லைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? வினைத்தொகையை அவருக்கு யார் விளக்குவது?

வானிலை ஆர்வலர்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இந்த எண்ணை இலையில் துளி நிற்குமா என்று அறிய எத்தனை பேர் பார்க்கிறார்கள்? புழுக்கத்தை அறியத்தான் பார்க்கிறார்கள். காலையில் 20 டிகிரியில் ஈரப்பதம் 90 விழுக்காடு. பிற்பகலில் 30 டிகிரியில் 50 விழுக்காடு. காற்று உலர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இரண்டு வேளையிலும் அந்த எண் ஏறக்குறைய 18தான், ஏனென்றால் காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறவில்லை. அது 24ஐத் தாண்டினால் வியர்வை உலராமல் உடல் தவிக்கும். வெப்பநிலை இறங்கி அதை நெருங்கினால் மூடுபனிக்கு வாய்ப்பு. தரையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் பஞ்சுப்பொதி போன்ற திரள்முகிலின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். புழுக்கம், மூடுபனி, முகில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைப் பனித்துளிக்குள் அடைப்பது தகுமா? ‘நீரரும்புநிலை’ என்று சொல்லுங்கள். வியர்வை அரும்பியது என்று எல்லோரும் சொல்கிறோம். குளிர்ந்த நீர் ஊற்றிய குவளையின் வெளிப்புறத்திலும் நீர் அரும்பத்தானே செய்கிறது.

தமிழாசிரியர்:

அழகான சொல். ஆனால் அரும்பு என்றால் மொட்டு என்றும் பொருள். பயிர் நூல்களில் அரும்பும் பருவம் வேறு.

வானிலை ஆர்வலர்:

முன்னால் ‘நீர்’ இருக்கிறதே, ஐயா. பனி என்ற சொல்லுக்கு மட்டும் ஒரே பொருளா? உறைபனி, வெண்பனி, மூடுபனி எல்லாம் அதில்தான் அடங்குகின்றன.

வேதியியல் பேராசிரியர்:

தெவிட்டிய கரைசல் என்று எழுதுகிறோம். காற்று அதற்குமேல் நீராவியைத் தாங்காத நிலையும் அதுதானே. ‘தெவிட்டுநிலை’ என்றால் என்ன?

இயற்பியல் ஆசிரியர்:

அம்மா, தெவிட்டும்போது உள்ள ஆவியழுத்தத்தைக் குறிக்க அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. அதை இங்கே செலவழித்தால் அங்கே திண்டாடுவோம். என் வாக்கு பனிநிலைக்கு. வகுப்பில் உறைநிலையோடு சேர்த்துச் சொல்ல முடியும். அந்தத் தொடர்ச்சி எனக்கு முதன்மை.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நீரரும்புநிலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் கட்டத்தில் கடைசி எழுத்துகள் மறைந்துவிடுகின்றன. பனிநிலை என்று போட்டிருக்கிறேன். தொட்டால் விரியும் குறிப்பில், ‘காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, இது உயர்ந்தால் புழுக்கம் மிகும்’ என்று எழுதியிருக்கிறேன்.

வானிலை ஆர்வலர்:

குறிப்பு நன்று. சொல்லுக்கு என் உடன்பாடு இல்லை. அந்தக் குறிப்பில் ‘துளியாகத் தொடங்கும்’ என்ற இடத்திலாவது ‘நீர் அரும்பும்’ என்று மாற்ற முடியுமா? அங்கே இடநெருக்கடி இல்லையே.