மலேசியத் தமிழாசிரியர்களே, கதைமாந்தர் பற்றி வகுப்புல நீங்க கேட்ட கேள்விக்கு, மாணவர் சொன்ன மறக்க முடியாத பதில் எது?

செந்தூல் டீச்சர்
ஆண்டு 4. காக்கா நரி வடைதான். பயிற்சித்தாள்ல வழக்கம்போல ‘காகத்தின் பண்பு யாது?’ வகுப்பே ஒரே குரல்ல ‘ஏமாளி’. அதோட விட மனசில்லாம, ‘வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி காக்கா மனசுல என்ன ஓடியிருக்கும்?’னு கேட்டேன். சத்தமே இல்ல. கடைசி மேசைப் பையன், வகுப்புல பேசவே பேசாதவன், அழிரப்பரைப் பென்சிலால குத்திக்கிட்டே என்னைப் பார்க்காம சொன்னான்: ‘அதுவரைக்கும் அதை யாரும் பாடச் சொன்னதே இல்ல டீச்சர்.’

அன்னைக்குப் பாடத்தைப் பார்வையிட வந்தவர் பின்னாடி உட்கார்ந்திருந்தார். ‘மாணவர் விடை நோக்கத்திலிருந்து விலகியது’ன்னு எழுதிட்டுப் போனார். எனக்கு இன்னும் ஆறல.

பட்டர்வொர்த் சார்
இடைநிலைப் பள்ளி, படிவம் 4 இலக்கியம். கும்பகர்ணனா வீடணனா, யார் செஞ்சது சரின்னு கேட்டா போதும், பட்டிமன்றம் தொடங்கிடும். செஞ்சோற்றுக் கடன் ஒரு அணி, அறம் ஒரு அணி. எல்லாம் யூடியூப் சரக்கு, சொந்தமா ஒரு வரி இருக்காது.

கேள்வியை மாத்தினேன். ‘போர்க்களத்துல தம்பி வந்து கூப்பிடுறான், அண்ணன் வரமாட்டேங்கிறான். ஆனா தம்பியையும் தன்கூட நிக்கச் சொல்லல, ராமன் பக்கமே போயிடுங்கிறான். ஏன்?’ ஒரு மாணவி எழுந்தா. ‘எல்லாரும் செத்துட்டா கொள்ளி வைக்க வீட்ல ஒருத்தர் வேணாமா சார்?’ கம்பன் அதைத்தான் சொல்றான். அந்தச் செய்யுளை நான் அப்போ நடத்தவே இல்ல!

செந்தூல் டீச்சர் கோவிச்சுக்காதீங்க. ‘மனசுல என்ன ஓடியிருக்கும்’னு கேட்டா எதை வேணா சொல்லலாம். ஆதாரம் கதைக்குள்ள இருக்கணும்.

பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்றவர்
சார், ஆதாரம் கதைக்குள்ளேயே இருக்கிறதே. நரி ஒரே ஒரு முறைதான் புகழ்ந்தது, காகம் உடனே வாயைத் திறந்துவிட்டது. தினமும் பாராட்டுக் கேட்டவர் அப்படித் திறப்பாரா? பையன் அதைத்தான் பிடித்திருக்கிறான்.

என் வகுப்பிலும் ஒரு முறை, மாற்றாந்தாய் ஏன் கொடுமை செய்தாள் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை, ‘அவளைக் கட்டிக்கிட்டு வந்தப்ப சம்மதம் கேட்டாங்களா ஐயா?’ என்றது. அதை விடுங்கள்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘ஏன்’, ‘மதிப்பிடுக’ என்று தொடங்கிவிட்டால் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி ஆகிவிடாது. விடை குறிப்பேட்டில் இருந்தால் அது வெறும் மீட்டுணர்தல், படித்ததை நினைவிலிருந்து திருப்பிச் சொல்வதுதான். ‘கோவலன் நல்லவனா?’ வேண்டாம், ‘எந்த இடத்தில் அவன் வேறு மாதிரி நடந்திருக்கலாம், அப்போது அவனை எது தடுத்தது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே பார்த்துச் சொன்னது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதை 3 விநாடி ஆக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பதில் வந்ததும் ‘வெரி குட்’ சொல்லி மூடிவிடாதீர்கள். ‘எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். பிறகு அடுத்த பிள்ளையிடம், ‘நீ ஒத்துக்கொள்கிறாயா?’ இரட்டைக் குமிழி வரைபடம் (ஒற்றுமை வேற்றுமைகளை வட்டங்களுக்குள் எழுதும் படம்) போட்டு இரண்டு பாத்திரங்களை ஒப்பிடச் சொல்வதும் நல்லதுதான், ஆனால் குமிழி நிரம்பியதும் பாடம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நான் பார்த்த வரையில்…

கெப்போங் அம்மா
ஐயா, எல்லாம் சரி. என் மகள் சோதனையில இப்படித்தான் சொந்தமா யோசிச்சு எழுதினா. பக்கத்துல சிவப்பு மையில ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்துச்சு. அடுத்த சோதனைக்குக் குறிப்பை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிட்டா.

செந்தூல் டீச்சர்
அம்மா, அந்தக் கேள்விக்குறிக்கு என்ன அர்த்தம்னு ஆசிரியர்கிட்டயே போய்க் கேளுங்க, தப்பில்ல.

ஐயா சொன்ன ‘எந்த வரியை வைத்து’ங்கிறதை எடுத்துக்கிறேன். நாளைக்கு முயல் ஆமை. ‘தூங்குற முயலைத் தாண்டிப் போகும்போது ஆமை ஏன் எழுப்பல?’ பட்டர்வொர்த் சார், இதுக்கு ஆதாரம் கதைக்குள்ள இருக்கான்னு இப்பவே பார்த்துச் சொல்லிடுங்க.