மறு: அசெம்ப்ளருக்குத் தமிழ்ச் சொல் – ‘தொகுப்பி’ வேண்டாம், ‘குறிபெயர்ப்பி’ ஆகட்டும்

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாட்களாக இந்த இழையில் வந்த மடல்களை ஒன்று விடாமல் படித்தேன். நாம் தமிழில் எழுதிவரும் கையேட்டின் மூன்றாம் இயல் அச்சுக்குப் போவதற்குள் சொல்லை முடிவு செய்தாக வேண்டும் என்பதால் என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளின் சுருக்கப் பெயர்களைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் மென்பொருளான அசெம்ப்ளருக்கு, இழையில் வந்த தொகுப்பி, சேர்ப்பி, ஒருங்கி ஆகிய மூன்றுமே பொருந்தவில்லை. குறிபெயர்ப்பி என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிரலில் உள்ள தவறைத் தேட உதவும் டிபக்கருக்கு வழுநீக்கி வேண்டாம், வழுநாடி வேண்டும்.

இவை அகராதியைப் புரட்டிக் கிடைத்த சொற்கள் அல்ல. வேலூர் சத்துவாச்சாரியில் சனிக்கிழமைதோறும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில், ஒரு மாணவியின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்தவை. குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். எங்களிடம் இருப்பது இன்டெல்லின் 8085 நுண்செயலி வைத்த பழைய பயிற்சிப் பலகை. கணினித் திரை கிடையாது, எண் விசைகளும் சிவப்பு இலக்கங்களும்தான். பத்து எண்களைக் கூட்டுவது அன்றைய பாடம். நோட்டின் இடப்பக்கம் அவள் கட்டளைகளின் சுருக்கப் பெயர்களான நினைவுக்குறிகளை எழுதிக்கொண்டாள். எல்எக்ஸ்ஐ எச், எல்எக்ஸ்ஐ பி, எக்ஸ்ஆர்ஏ ஏ, ஏடிடி எம் என்று மொத்தம் ஒன்பது வரிகள். பிறகு இன்டெல் கட்டளை அட்டவணையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறிக்கும் உரிய பதினாறடிமான எண்ணை (10 முதல் 15 வரைக்கு ஏ முதல் எஃப் வரை எழுதும் முறை) தேடி வலப்பக்கம் எழுதினாள். எக்ஸ்ஆர்ஏ ஏ என்றால் ஏஎஃப். ஏடிடி எம் என்றால் 86. நிரலை வேறோர் இடத்திலிருந்து தொடரச் சொல்லும் தாவல் கட்டளைக்கு அந்த இடத்தின் முகவரி வேண்டுமே. நிரல் 4100இல் தொடங்குவதால் மேலிருந்து விரல்விட்டு எண்ணி 4107 என்று கண்டுபிடித்தாள். கீழ்ப்பாதி முன்னால் வரவேண்டும் என்பதால் அதை 07 41 என்று திருப்பி எழுதினாள். ஒன்பது வரிகள் பதினேழு பைட்டுகளாயின.

அரை மணி நேரம் அவள் பார்த்த அந்த வேலைதான் அசெம்ப்ளர் பார்க்கும் வேலை. அவள் எதையும் தொகுக்கவில்லை, எதையும் ஒருங்கு சேர்க்கவில்லை. ஒரு குறியை எடுத்து அதற்கு நேரான இன்னொரு குறியாகப் பெயர்த்து வைத்தாள், வரிக்கு வரி. குறிபெயர்ப்பு என்பதைத் தவிர அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஆங்கிலத்தில் மட்டும் ஏன் கூட்டிச் சேர்க்கும் பொருளில் பெயர் அமைந்தது என்று திருப்பத்தூர் ஐயா கேட்டிருந்தார். நல்ல கேள்வி, விடையும் இருக்கிறது. அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் பணியாற்றிய வில்க்ஸ், வீலர், கில் மூவரும். 1951இல் வெளியான தங்கள் நூலில், பல துண்டுகளாக இருக்கும் நிரலை ஒரே நிரலாகச் சேர்த்துக் கட்டும் நிரலுக்குத்தான் அவர்கள் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். அதாவது இன்று லிங்கர் செய்யும் வேலைக்கு. பிறகு பெயர் இடம் மாறிக் குறியைப் பெயர்க்கும் மென்பொருளின் மேல் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அது பழகிய சொல், அவர்கள் மாற்ற வேண்டியதில்லை. நாமோ இன்றுதான் பெயர் வைக்கிறோம். அங்கே நிகழ்ந்த ஓர் இடமாற்றத்தை இங்கே வேர்ச்சொல்லாக்கித் தலைமுறைக்கும் சுமப்பானேன்? போதாததற்கு, உயர்நிலை மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் பலர் தொகுப்பி என்றே எழுதுகிறார்கள். இதழாசிரியருக்கும் பாடல் திரட்டியவருக்கும் அதே பெயர். ஒரே பக்கத்தில் கம்பைலரும் அசெம்ப்ளரும் வரும்போது மாணவன் எந்தத் தொகுப்பியைப் பிடித்துக்கொள்வான்?

வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

> குறியை மட்டுமா அது மாற்றுகிறது? முகவரிகளையும் அல்லவா கணக்கிடுகிறது?

உண்மை. மாணவி விரல்விட்டு எண்ணினாளே, அதைக் குறிபெயர்ப்பி இரண்டு சுற்றில் செய்கிறது. முதல் சுற்றில் ஒவ்வொரு அடையாளப் பெயரும் எந்த முகவரியில் விழுகிறது என்று பட்டியல் போடுகிறது, இரண்டாம் சுற்றில் அந்த எண்களை உரிய இடத்தில் நிரப்புகிறது. ஆனால் அடையாளப் பெயரும் ஒரு குறிதானே. அதுவும் எண்ணாகத்தான் பெயர்கிறது. சொல்லின் எல்லைக்குள் அது அடங்கிவிடுகிறது.

> ‘குறிப்பெயர்ப்பி’ என்று ஒற்று மிகவேண்டாமா?

மிகாது. மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆனதுபோல, குறியைப் பெயர்ப்பது குறிபெயர்ப்பு. இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஒற்றை இட்டால் ‘குறிப்பெயர்’ என்று கண் பிரித்துப் படிக்கும், பொருளே வேறாகிவிடும். கையேட்டில் மெய்ப்புப் பார்ப்பவர் இதை மறக்காமல் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்பில் ‘குறி’ என்ற சொல்லுக்குப் பையன்கள் சிரிப்பார்கள் என்று ஆரணி அக்கா தயங்கியிருந்தார். குறியீடு, குறிப்பு, குறிக்கோள் எல்லாம் அதே வகுப்பில் நாள்தோறும் ஒலிக்கின்றன, அக்கா. என் வகுப்பில் இரண்டு மாதமாக இந்தச் சொல் புழங்குகிறது. முதல் நாள் சிரித்த பையன் இப்போது ‘குறிபெயர்த்துவிட்டேன், சரிபாருங்கள்’ என்று நோட்டை நீட்டுகிறான். வினையாக வளைந்து கொடுப்பதுதான் எனக்கு முதல் சோதனை. குறிபெயர்த்தான், குறிபெயர்க்க வேண்டும், குறிபெயர்ப்பு என்று எல்லா வடிவத்திலும் இது வாயில் நிற்கிறது. எண்ணிலிருந்து மீண்டும் நினைவுக்குறிக்குக் கொண்டுபோகும் கருவிக்கு மீள்பெயர்ப்பி என்று சொல்லலாம். கம்பைலருக்கு நிரல்பெயர்ப்பி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதை ஏற்றால் இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்களாக அமைந்துவிடும்.

இனி வழுநாடி. இதற்கும் அதே நோட்டுக்குத்தான் போகவேண்டும்.

பதினேழு பைட்டுகளையும் பலகையில் ஏற்றி, 4200 முதல் ஒன்று தொடங்கிப் பத்து வரை எண்களையும் வைத்து ஓட்டினாள். விடை 4300இல் வரவேண்டும். கூட்டுத்தொகை ஐம்பத்தைந்து, பதினாறடிமானத்தில் 37. பலகை காட்டியது 00. மறுபடி ஓட்டினாள், 00. எண்களை மாற்றினாள், அப்போதும் 00. அட்டவணையோடு ஒவ்வொரு பைட்டையும் ஒத்துப் பார்த்தாள். ஒன்றும் தவறில்லை.

ஒவ்வோர் அடியாக ஓட்டிப் பார் என்றேன். ஒரு விசையை அழுத்தினால் ஒரே ஒரு கட்டளை ஓடி நிற்கும். செயலிக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் பதிவகங்களைத் திறந்து பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு நான்கு கட்டளைகள், பத்துச் சுற்றுக்கு நாற்பது முறை அழுத்த வேண்டும். ஏழாவது சுற்றில் மின்சாரம் போனது. மே மாத வேலூரில் அது போகாமல் இருந்தால்தான் வியப்பு. நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழிந்தது. மின்சாரம் வந்ததும் பதினேழு பைட்டுகளையும் பத்து எண்களையும் முணுமுணுக்காமல் மீண்டும் ஏற்றினாள். பத்தாவது சுற்றின் முடிவில், எண்ணிக்கையை வைத்திருந்த பி, சி பதிவகங்கள் இரண்டிலும் 00 இருந்தது. எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, நிரல் வெளியே வரவேண்டும். அடுத்த விசைக்கு அது மீண்டும் 4107க்குத் தாவியது.

முந்தைய கணக்கின் விளைவைக் குறித்து வைக்கும் கொடிப் பதிவகத்தை அவள் திறந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “எண்ணிக்கை சுழியமாகிவிட்டது ஐயா, ஆனால் சுழியக் கொடி எழவே இல்லை” என்றாள்.

அதுதான் காரணம். எண்ணிக்கையைக் குறைக்க அவள் எழுதியிருந்தது டிசிஎக்ஸ் பி. பதினாறு பிட் இணையைக் குறைக்கும் அந்தக் கட்டளை 8085இல் சுழியக் கொடியையோ மிகுதிக் கொடியையோ தொடாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்; பெரிய எண்களைப் பைட்டு பைட்டாகக் கூட்டும்போது நடுவில் முகவரியை நகர்த்தினாலும் மிகுதிக் கொடி கலையாமல் இருக்கவேண்டும் அல்லவா. ஆகவே அடுத்து வந்த ஜேஎன்ஜெட் (சுழியக் கொடி எழாவிட்டால் தாவு என்னும் கட்டளை) பார்த்தது, அதற்கு முன் ஏடிடி எம் விட்டுச்சென்ற கொடியை. கூட்டுத்தொகை சுழியமாகும்வரை நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுழியமான பிறகே வெளியே வரும் என்பதால் விடையும் எப்போதும் 00. எட்டு பிட் சி பதிவகத்தை மட்டும் குறைக்கும் டிசிஆர் சி சுழியக் கொடியைத் தொடும். பத்து எண்களுக்கு அதுவே போதும். 4109ஆம் இடத்தில் இருந்த 0பியை 0டி ஆக்கினாள், ஒரே ஒரு பைட்டு. ஓட்டினாள், 37.

இந்த நாற்பது அழுத்தல்களில் பலகை எதையாவது நீக்கியதா? இல்லை. காட்டியது. நீக்கியவள் அவள். டிபக்கர் என்ற மென்பொருளும் அப்படித்தான், தானாக எதையும் சரிசெய்யாது. ஓட்டத்தை நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழிவிடும். வழுநீக்கி என்ற பெயர் அந்தக் கருவியால் செய்ய முடியாத ஒன்றைச் செய்வதாகச் சொல்கிறது. அந்தப் பெயரை நம்பி முதலில் திறக்கும் மாணவன், அது நீக்காதபோது தன்னிடம்தான் ஏதோ குறை என்று ஒதுங்கிவிடுகிறான். இதைப் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாடுதல் என்றால் விரும்புதல் அல்லவா, வழுவை யார் விரும்புவார் என்றொரு நண்பர் எழுதியிருந்தார். தேடிச் செல்லுதல், ஆராய்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் சிறு மருந்தகமாகத் தொடங்கிய மருத்துவமனை இருக்கும் ஊர் எங்களுடையது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர், இன்ன நோய் என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்கள். மருந்து பிறகு. நோயை நாடுவதும் நாடி பிடித்துப் பார்ப்பதும் எங்கள் காதுக்கு ஒன்றையொன்று நினைவூட்டும் சொற்கள். வழுநாடி என்று சொன்னபோது என் மாணவர்களில் ஒருவர்கூடப் பொருள் கேட்கவில்லை.

பூச்சிநீக்கி என்ற பரிந்துரையை விட்டுவிடலாம். ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் 1947 செப்டம்பர் 9 அன்று விட்டில் சிக்கியதும் அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்ததும் உண்மை நிகழ்ச்சி. ஆனால் இயந்திரக் கோளாறுக்குப் பூச்சி என்று பொருள்படும் ‘பக்’ என்ற ஆங்கிலச் சொல் அதற்கும் முன்பிருந்தே இருந்தது. 1878இலேயே எடிசன் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த விட்டிலுக்காக நாம் தமிழில் பூச்சி பிடிக்க வேண்டாம்.

பிழை இருக்க வழு எதற்கு என்பதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘அவன் வந்தாள்’ என்ற தொடரில் அவன் சரியான சொல், வந்தாள் சரியான சொல். சேர்ந்து நிற்கும்போது பால் வழு. டிசிஎக்ஸ் சரி, ஜேஎன்ஜெட் சரி. சேர்ந்து நிற்கும்போது வழு. நம் இலக்கணம் இதற்கென்றே வைத்திருக்கும் சொல் அது. குறியையே தப்பாக எழுதினால் குறிபெயர்ப்பி ஏற்க மறுத்து வரி எண்ணோடு சொல்லிவிடும், அதைப் பிழை என்போம். அது ஏற்றுக்கொண்டு, ஓடியபின் வெளிப்படுவதை வழு என்போம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, மாணவர்கள் எங்கே தேடவேண்டும் என்பதைத் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள்.

கையேட்டுக்கு எந்தக் குறிபெயர்ப்பியை எடுப்பது என்ற கேள்விக்கு என் வாக்கு, இன்றைய பல கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலிகளுக்கான நாஸ்முக்கு. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடும் என்பது ஒருபுறம். ‘மூவ் ஈஏஎக்ஸ், மொத்தம்’ என்று எழுதினால் (ஈஏஎக்ஸ் ஒரு பதிவகம், மொத்தம் நினைவக இடம் ஒன்றின் பெயர்) மைக்ரோசாஃப்டின் குறிபெயர்ப்பியான மாஸ்ம் அந்த இடத்தில் உள்ள மதிப்பை எடுக்கும். நாஸ்ம் அந்த இடத்தின் முகவரியை எடுக்கும், மதிப்பு வேண்டுமென்றால் சதுர அடைப்பு இட்டே ஆகவேண்டும். கற்பவனுக்கு இந்தக் கண்டிப்பு நல்லது. முகவரி வேறு மதிப்பு வேறு என்பது கண்ணெதிரே நிற்கும். பட்டியல் கோப்பு ஒன்றையும் அது தரும். முகவரி, எண், மூலவரி மூன்றும் அருகருகே இருக்கும் அந்தக் கோப்பைப் பார்த்ததும் மாணவி, “என் நோட்டு மாதிரியே இருக்கிறதே” என்றாள். குனூ அசெம்ப்ளரின் இயல்பான வரிசையில் மூலம் முன்னும் சேருமிடம் பின்னும் வரும். ‘ஐந்தை ஈஏஎக்ஸில்’ என்ற நம் தொடர் வரிசைக்கு அது நெருக்கம் என்று தோன்றுகிறது, ஆனால் நூல்களும் அட்டவணைகளும் பெரும்பாலும் இன்டெல் வரிசையில் இருப்பதால் தொடக்கத்தில் குழப்ப வேண்டாம்.

மூவ் என்பதை ‘நகர்த்து’ என்று வரைவில் எழுதியிருக்கிறோம். அதைத் திருத்த வேண்டும். மூலத்தில் இருப்பது அப்படியே இருக்கிறது, படி மட்டும் போகிறது. ‘படியிடு’ என்று போடுவோம். நகர்த்து என்று படித்த பையன் பி பதிவகம் காலியாகிவிட்டது என்று நினைத்து மூன்று வரிகள் கூடுதலாக எழுதினான்.

லிங்கருக்குப் பிணைப்பி. தறியில் பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதுப் பாவின் இழையோடு பிணைப்பதைப் பார்த்து வளர்ந்த அந்தக் குடியாத்தத்துப் பெண் கொடுத்த சொல் இது. எனக்கு முழு உடன்பாடு.

நாம் குறித்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தும் பிரேக்பாயின்டுக்கு நிறுத்தம் என்பதே போதும், புள்ளி வேண்டாம். எக்ஸ்86 வழுநாடி அந்த இடத்து பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு சிசி என்ற ஒற்றை பைட்டை அங்கே போடும். ஓட்டம் அங்கே வந்து நிற்கும். பார்த்து முடித்ததும் பழைய பைட்டைத் திரும்ப வைத்துவிட்டு மேலே செல்லும். பஸ் நிறுத்தத்திலும் பஸ் நின்றுதான் புறப்படுகிறது.

வாட்ச்பாயின்டுக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. ஒரு நினைவக இடத்தின் மதிப்பு மாறும் கணத்தில் ஓட்டத்தை நிறுத்துவது அதன் வேலை. ‘காவல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். காவல் என்றால் மாறவிடாமல் தடுப்பதுபோல் படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாரேனும் நல்ல சொல் தந்தால், சனிக்கிழமை வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.