ஊர் விட்டு வேலைக்கு வருகிறவர்களை மதுரை ஒதுக்குகிறதா?

செல்லூர் சரவணன்:
உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் மழை பொய்த்தால் கட்டட வேலைக்கும் மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்கவும் இங்கேதான் வருகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி "எந்த ஊரு?", அடுத்தது "நீங்க என்ன ஆளுங்க?" பதிலைக் கேட்டதும், "நேத்தே முடிஞ்சிருச்சே" என்பார்கள். டூலெட் அட்டை மட்டும் வாசலிலேயே தொங்கும். இப்படி நாலு வாசல் ஏறி இறங்கியவருக்குத் தூக்கம் எப்படி வரும்? சிலர் குடியில் போய் விழுகிறார்கள். அப்புறம் "குடிகாரனுக்கு யார் வீடு தருவா" என்றும் நாமேதான் சொல்கிறோம்.

மேலமாசி வீதி:
ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. நானும் வீடு விடுகிறவன்தான், சாதி கேட்பதில்லை. நாலு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேர் தங்கினால் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? டீக்கடையில் தனி டம்ளரில் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு மதுரை பெரிய விடுதலை. மனசு சரியில்லையா, 14416-க்குப் போன் போடலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிற டெலி மானஸ், அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் உண்டு.

சித்தாள் மகள்:
அண்ணே, ஒரே ரூமில் எட்டுப் பேர் படுத்திருக்க, யாரிடம் மனசு விட்டுப் பேசுவது? காலையில் ஓபி சீட்டுக்கு நின்றால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் மேஸ்திரி வேறு ஆள் வைத்திருப்பார்.

எங்கள் அம்மா சித்தாள். பூச்சு வேலை நடக்கிறவரை அந்த வீட்டுக் கக்கூஸுக்குப் போகலாம். டைல்ஸ் ஒட்டிய மறுநாள் பூட்டு தொங்கும். அதனால் அம்மா வேலைக்கு வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. சிமெண்ட் கையோடு சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட் அம்மா எழுந்து நிற்பார்களாம். இப்போது வீட்டில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார்.

மேலமாசி வீதி:
கக்கூஸைப் பூட்டுவது அக்கிரமம்மா. அதற்காக ஊரையே குற்றம் சொன்னால் எப்படி? கட்டுமான நலவாரியம் 1994-லிருந்து இருக்கிறதே.

செல்லூர் சரவணன்:
வாரியத்தில் பதிந்தால் படிப்புக்குப் பணம் வரும், விபத்துக்கு வரும், பென்ஷனும் உண்டு. தங்க இடத்துக்கு என்ன வழி? 1979-ல் வந்து 2025 வரை இருந்த புலம்பெயர் தொழிலாளர் சட்டம்கூட மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்குத்தான் இருந்தது. உசிலம்பட்டிக்காரர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. கூலி ஆட்களுக்கு மலிவு வாடகை விடுதி வேண்டும். வேலை விட்டு வந்து பார்க்கிற மாதிரி சாயங்கால மனநல ஓபியும் வேண்டும்.

மேலமாசி வீதி:
அந்த ரெண்டுக்கும் மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்தால்தான் என் வீட்டுச் சாவி.

சித்தாள் மகள்:
எழுதித் தருகிறோம் அண்ணே. அம்மா, அப்பா, நான், மூன்றே பேர். எப்போது வந்து பார்க்கட்டும்?