காதிரைச்சலுக்கு ஒலிச் சிகிச்சை: கருவி வாங்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைவாசி:
மூன்று வருடங்களாக இரண்டு காதுகளிலும் இரைச்சல். பகலில் காலி வீதியின் (Galle Road) சத்தத்தில் அது அமுங்கிப் போகிறது. இரவில் கடைசி ரயிலும் போய் வீடு அடங்கியதும் சில்வண்டு போலத் தொடங்கிவிடும். கடந்த மாதம் முதல் தலைமாட்டில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்து மழைச் சத்தத்தை ஓடவிட்டுப் படுக்கிறேன், தூக்கம் வருகிறது. ஆகவே, நாள் முழுவதும் மெல்லிய ஒலி எழுப்பும், காதில் அணியும் கருவியை வாங்க எண்ணியிருக்கிறேன். இரண்டு மாதச் சம்பளம் போகும்.

கொட்டாஞ்சேனை அச்சகத்தார்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். 2018இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் அறிக்கை) 8 ஆய்வுகளில் பங்குபற்றிய 590 பேரின் தரவுகளைப் பார்த்தும், இத்தகைய கருவிகள் மற்ற வழிகளைவிட மேலானவை என்பதற்குச் சான்று காணவில்லை. 2019இல் அமெரிக்கப் படைத்துறை சார்ந்த 151 பேரிடம் நடந்த பரிசோதனையில் ஒரு பகுதியினருக்கு உண்மையான ஒலிக் கருவியும் இன்னொரு பகுதியினருக்குப் போலிக் கருவியும் கொடுத்து, மூன்றாம் பகுதியினருக்கு வழக்கமான ஆலோசனையை மட்டும் வழங்கினார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வித்தியாசமே இல்லாத ஒன்றுக்கு ஏன் இரண்டு மாதச் சம்பளம்?

வெள்ளவத்தைவாசி:
அந்த ஆய்வை நானும் வாசித்தேன், அண்ணா. மூன்று பகுதியினருக்கும் தொல்லை குறைந்தது என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வழக்கமான ஆலோசனை பெற்றவர்களிடமும் சூழலில் மெல்லிய ஒலியை வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார்கள். எனவே அது ஒலியே பயனற்றது என்று நிறுவவில்லை.

கொட்டாஞ்சேனை அச்சகத்தார்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஒலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைச் சத்தம் இலவசமாகவே கிடைக்கிறதே. என் கதையைக் கேளுங்கள். 22 வருடங்கள் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். கேட்டல் பரிசோதனை செய்தபோது 4,000 ஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி அளவில் வரைபடக் கோடு பள்ளத்தில் விழுந்தது போல இறங்கியிருந்தது. வெளியிலிருந்து வரும் ஒலி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அந்த மிகைதான் இரைச்சலாகக் கேட்கிறது என்று பரிசோதகர் விளக்கினார். காது கேட்கும் கருவி போட்ட முதல் நாள், காகிதத்தைப் புரட்டும் சரசரப்பைப் பல வருடங்களுக்குப் பிறகு கேட்டேன். அன்று மாலைதான் இரைச்சலை நினைக்கவேயில்லை என்று உணர்ந்தேன். முதலில் பரிசோதியுங்கள், பிறகு வாங்குங்கள்.

வெள்ளவத்தைவாசி:
பரிசோதித்துவிட்டேன், கேட்கும் திறனில் குறைவில்லை. உங்கள் வழி எனக்குப் பொருந்தாது.

இரவுக்கடமைத் தாதி:
இடையில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதை வாசிக்கும் எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்காது. இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ மழைச் சத்தத்தை வைத்துக்கொண்டு காத்திராமல் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றைக்கே போங்கள், அதற்கான மருந்தைப் பிந்தாமல் தொடங்க வேண்டும். வெள்ளவத்தைத் தம்பி, மழைச் சத்தத்தை எந்த அளவில் வைக்கிறீர்கள்?

வெள்ளவத்தைவாசி:
இரைச்சல் கேட்காத அளவுக்கு, அக்கா.

இரவுக்கடமைத் தாதி:
அதைச் சற்றுக் குறையுங்கள். இரைச்சல் இலேசாகக் கேட்கும்படி விட்டால்தான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் பழகும் என்பது பழக்கப்படுத்தும் சிகிச்சையின் அடிப்படை. முழுவதும் மூடிவிட்டால் பழக எதுவும் மிஞ்சாது.

கொட்டாஞ்சேனை அச்சகத்தார்:
அத்துடன் அறிகை நடத்தைச் சிகிச்சையையும் விசாரியுங்கள், அது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பேசிப் பழக்கும் உளவியல் சிகிச்சை. 2020இன் கொக்ரேன் மீளாய்வில் 28 ஆய்வுகள், 2,733 பேர். இரைச்சலின் தொல்லையை அது குறைக்கக்கூடும் என்று கண்டார்கள்.

வெள்ளவத்தைவாசி:
விசாரித்தேன், அண்ணா. இதைத் தமிழில் கதைத்துச் செய்யக்கூடிய ஒருவரை நான் கொழும்பில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மழைச் சத்தத்தைக் குறைத்து ஒரு மாதம் பார்க்கிறேன். கருவியை வாங்குவதென்றால், திருப்பிக் கொடுக்கக்கூடிய பரீட்சார்த்தக் காலம் தருபவரிடம் மட்டுமே வாங்குவேன்.