அம்மா எவ்வளவு படிச்சிருக்காங்கங்கறது பிள்ளைங்க வாழ்க்கையை அவ்வளவு மாத்துமா? நான் பத்தாவதோட நின்னவ

மழைச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது முடிச்ச கையோட எனக்கு கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. இப்ப பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு மூணு. ஸ்கூல் ஃபார்ம்ல ஆரம்பிச்சு தடுப்பூசி போடற இடத்துல எடுக்கற சர்வே வரைக்கும் எதை எடுத்தாலும் தாயின் கல்வித் தகுதின்னு ஒரு கட்டம் இருக்கு, இதை ஏன் இப்படி விடாம கேக்கறாங்கன்னு தேடப் போனா அம்மா படிச்சிருந்தா பிள்ளை நல்லா வளரும், தடுப்பூசி ஒழுங்கா போடுவாங்க, மார்க் நல்லா வரும், படிக்காத அம்மாவோட பிள்ளைங்க சின்ன வயசுலயே இறந்து போறது ஜாஸ்தின்னு வரிசையா போட்டிருக்காங்க. அதைப் படிச்சதுலேர்ந்து மனசே சரியில்ல. என் பிள்ளைங்களுக்கு நான்தான் குறையா?

எனக்கு தெரிய வேண்டியது ரெண்டு விஷயம். இதெல்லாம் நெஜமாவே படிப்பால வர்றதா, இல்ல படிச்சவங்க வீட்ல காசு பணம் இருக்கறதால வர்றதா? ரெண்டாவது, நான் இப்ப பிரைவேட்டா பன்னெண்டாவது எழுதினா பிள்ளைங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்குமா, இல்ல அதுக்கான காலம் போயிடுச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோடும்புள்ளியும்:
சகோதரி, நான் மக்கள்தொகை சர்வே டேட்டாவோட வேலை பாக்கறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். அந்தக் கட்டம் ஏன் இருக்குன்னா, வருமானம் எவ்வளவுன்னு கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் அது மாசத்துக்கு மாசம் மாறும். எத்தனாவது வரைக்கும் படிச்சீங்கன்னு கேட்டா ஒரே வார்த்தையில பதில் வந்துடும். உங்களை எடை போடறதுக்கு இல்ல.

இந்தப் பேச்சுக்கு பிள்ளையார் சுழி போட்டவர் ஜான் கால்ட்வெல்னு ஒரு ஆஸ்திரேலிய ஆய்வாளர். 1979ல நைஜீரியா தகவலை வச்சு எழுதினார். அப்பாவோட படிப்பு, வேலை எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் அம்மாவோட படிப்பு தனியா தெரியுதுன்னு காட்டினார். அவர் சொன்ன காரணம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. படிச்ச பொண்ணு, குழந்தைக்கு நோவு வந்தா விதின்னு விட்டுட மாட்டா, டாக்டர் நர்ஸ்கிட்ட வாய் திறந்து பேசுவா, வீட்டுல பெரியவங்க வேண்டாம்னாலும் தானா முடிவெடுத்து குழந்தையைத் தூக்கிட்டுப் போவாங்கறார். 2021ல லான்செட் மருத்துவ இதழ்ல 92 நாட்டு தகவலை சேர்த்து ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு. ஒண்ணுமே படிக்காத அம்மாவோட ஒப்பிட்டா 12 வருஷம் படிச்ச அம்மாவோட குழந்தை அஞ்சு வயசுக்குள்ள இறக்கற அபாயம் 31 சதவீதம் கம்மின்னு வந்தது.

ஆனா நீங்க கேட்ட சந்தேகம் சரியான சந்தேகம். சோனால்டே தேசாய், சௌம்யா ஆல்வான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1998ல 22 நாட்டு சர்வேயை எடுத்து, புருஷனோட படிப்பு, வீட்டுல குழாய்த் தண்ணி, கக்கூஸ், எந்தப் பகுதியில இருக்காங்க எல்லாத்தையும் கணக்குல சேர்த்துப் பாத்தாங்க. குழந்தை இறப்புலயும் உயரத்துலயும் அம்மா படிப்போட பங்கு நல்லாவே குறைஞ்சு போச்சு. தடுப்பூசி விஷயத்துலதான் ஓரளவு தாக்குப்பிடிச்சுது. அதாவது அம்மா படிப்புன்னு நாம நினைக்கறதுல ஒரு பங்கு உண்மையில நல்ல தண்ணியும் நல்ல இடமும். நார்வேல கட்டாயக் கல்வியை 7 வருஷத்துலேர்ந்து 9 வருஷமா ஆக்கினப்போ அதனால கூடுதலா படிச்ச பெத்தவங்களோட பிள்ளைங்களும் கூடுதலா படிச்சாங்களான்னு பாத்தாங்க, அம்மா மகன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுது, மத்தபடி பெருசா ஒண்ணும் இல்ல.

ஒண்ணு மறந்துடாதீங்க, இந்த 31 சதவீதம்ங்கறது ஒண்ணுமே படிக்காதவங்களோட ஒப்பிட்டது. நீங்க பத்து வருஷம் படிச்சவங்க. அது போக இதெல்லாம் லட்சக்கணக்கான பேரோட சராசரி, உங்க பொண்ணு எப்படி வருவான்னு இதை வச்சு யாரும் சொல்ல முடியாது.

வார்டுநம்பர்7:
நான் குழந்தைங்க வார்டுல நர்ஸ். புள்ளிவிவரம் எனக்கு தெரியாது, கண்ணால பாக்கறதை சொல்றேன். காய்ச்சலுக்கு ஒரே மருந்து சொட்டாவும் வரும் சிரப்பாவும் வரும், சொட்டு மருந்து பாட்டில் குட்டியா இருக்கும் ஆனா வீரியம் ஜாஸ்தி. எழுதப் படிக்கத் தெரிஞ்ச அம்மா அந்த லேபிளைத் திருப்பிப் பாத்து, போன தடவை வேற பாட்டில்ல 5 மில்லி சொன்னீங்களே இதுல ஏன் 1 மில்லின்னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்வி போதும், தப்பு நடக்காது. படிக்காதவங்களுக்கு அக்கறை இல்லாம இல்ல, பாவம் அவங்க ராத்திரி பூரா கண்ணு முழிச்சு உக்காந்திருப்பாங்க, ஆனா நாங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வெளிய போய் மருந்துக் கடையில இன்னொரு தடவை கேப்பாங்க, எங்ககிட்ட திரும்பக் கேக்க கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நாங்களும் ஒரு காரணம். நல்லா பேசறவங்களுக்கு நின்னு பதில் சொல்றோம், பேசாதவங்களுக்கு சீட்டைக் கையில குடுத்து அனுப்பிடறோம். இதை மாத்தினாலே பாதி வித்தியாசம் போயிடும்னு நான் நம்பறேன். நீங்க பத்தாவது படிச்சவங்க, லேபிள் படிக்க அது தாராளமா போதும், கேள்வி கேக்க மட்டும் தயங்காதீங்க.

ஈரக்காற்று:
எனக்கு இந்த டாபிக்கே கோவம் வருது. பிள்ளை நல்லா வரலைன்னா அம்மா படிக்கலன்னு எழுதிட்டு போயிடறாங்க, அப்பா எங்க போனார்? மேல சொன்ன அதே லான்செட் தொகுப்புல அப்பா 12 வருஷம் படிச்சிருந்தா 17 சதவீதம் அபாயம் குறையுதுன்னும் இருக்கு, அதை யாரும் தலைப்புல போடறதில்ல. இவங்களை பத்தாவதோட நிறுத்தினது இவங்க எடுத்த முடிவா? அப்போ முடிவெடுத்தவங்களை விட்டுட்டு இவங்களை குறை சொல்றது எந்த ஊர் நியாயம். சகோதரி, நீங்க குறை இல்ல.

கரும்பலகை:
ஈரக்காற்று சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் ஆரம்பப் பள்ளி டீச்சர், ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்றேன்.

பாகிஸ்தான் கிராமங்கள்ல அந்த்ராபி, தாஸ், குவாஜான்னு மூணு பேர் பண்ணின ஆய்வு ஒண்ணு 2012ல வந்துது. அம்மா கொஞ்சம் படிச்சிருந்தாலே போதும், அந்த வீட்டுப் பிள்ளைங்க படிப்பு சம்பந்தமான வேலைக்கு வீட்டுல நாளைக்கு 72 நிமிஷம் கூடுதலா செலவழிக்கறாங்க, மார்க்கும் கூட வருது. அந்த அம்மாங்க பெருசா படிச்சவங்க இல்ல, நிறைய பேர் ஆரம்பப் பள்ளியைத் தாண்டினதே இல்ல. என் க்ளாஸ்லயும் இதைத்தான் பாக்கறேன். அம்மாவுக்கு பாடம் தெரியணும்னு அவசியமே இல்ல, நோட்டை எடு, இன்னைக்கு எந்தப் பக்கம் நடத்தினாங்க, எனக்குப் படிச்சுக் காட்டுன்னு தினமும் கேக்கற வீட்டுப் பிள்ளை தனியா தெரியும்.

காலம் போயிடுச்சான்னு கேட்டீங்க. அமெரிக்காவுல கேத்ரின் மேக்னசன்னு ஒரு ஆய்வாளர் 2007ல எழுதினது நேரா உங்களுக்கான பதில்தான். குழந்தை பிறந்த பிறகு திரும்பப் படிக்கப் போன அம்மாக்களைப் பாத்தாங்க, குறிப்பா சின்ன வயசுல அம்மாவாகி படிப்பு கம்மியா இருந்தவங்க. அவங்க படிப்பு கூடக் கூட பள்ளிக்கூட வயசுல இருந்த பிள்ளைங்களோட கணக்கும் வாசிப்பும் கூடுச்சு. ஏற்கனவே நிறைய படிச்சிருந்த, வயசு கூடின அம்மாக்கள்கிட்ட அந்த மாற்றம் வரல. அதனால எழுதுங்க. பிள்ளைங்களுக்காக மட்டும் இல்ல, உங்களுக்கும் அது வேணும்.

மழைச்சாரல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சேன். அந்த 72 நிமிஷம்தான் மண்டையில நிக்குது, ஏன்னா பொண்ணு நோட்டை நான் எடுத்துப் பாக்கறதே இல்ல, எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு அவ அப்பா வர்ற வரைக்கும் தள்ளிப் போட்டுடுவேன். வீட்டுக்காரர்கிட்ட பரிட்சை பத்தி பேசிட்டேன், சரி எழுதுன்னுதான் சொன்னார், பையனை சாயங்காலம் அவர் பாத்துக்கறதா பேச்சு. இப்ப ஒரே பயம் கணக்குதான், பத்தாவதுலயே தட்டுத்தடுமாறி பாஸ் ஆனவ. வணிகவியல் எடுத்தா கணக்கு நிறைய வருமா?

கரும்பலகை:
வணிகவியல் குரூப்ல கணக்குப்பதிவியல் இருக்கும். அதுல பெரும்பாலும் கூட்டல், கழித்தல், சதவீதம், வட்டிதான், ஃபார்முலா கொஞ்சம்தான் வரும். எந்தத் தொகை பற்று பக்கம் போகுது எது வரவு பக்கம்னு பிடிபடறதுக்குத்தான் முதல் மாசம் கஷ்டமா இருக்கும். கணிதப் பாடம் இல்லாத குரூப்பும் இருக்கும், அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி பாடப் பட்டியலை வாங்கிப் பாத்துடுங்க. பதினொண்ணாவது கணக்குப்பதிவியல் புத்தகம் கிடைச்சா முதல் ரெண்டு பாடத்தை சும்மா வாசிச்சுப் பாருங்க. எங்க இடறுதுன்னு இங்கயே போடுங்க, நான் சொல்லித் தரேன்.