ஜோகன்னஸ்பர்க்: விட்ஸா, யுஜேயா? தங்க எந்தப் பக்கம்?

ரிச்சர்ட்ஸ்பே அம்மா:
வணக்கம். பையன் இந்த வருஷம் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு). மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று நிற்கிறான். டர்பன் எங்களுக்குப் பழகிய ஊர், அதற்கு சிஏஓ (அந்தப் பக்கத்துப் பல்கலைகளுக்கான பொது விண்ணப்ப மையம்) வழியாக விண்ணப்பம் போட்டாச்சு. ஆனால் அவன் கண் ஜோகன்னஸ்பர்க் மேல்தான். எங்களுக்கு அந்த ஊரில் ஏர்போர்ட்டைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

பதினொன்றாம் வகுப்புக் கடைசி மார்க்: ஆங்கிலம் 72, கணிதம் 78, ஃபிசிக்கல் சயின்ஸ் 74, லைஃப் சயின்ஸ் 81, ஐடி 70, ஆப்பிரிக்கான்ஸ் 66, லைஃப் ஓரியண்டேஷன் 85. யுஜே (ஜோகன்னஸ்பர்க் பல்கலை) கணக்குப்படி ஏபிஎஸ் (சேர்க்கைப் புள்ளி) 36தான் வருகிறது. விட்ஸ் (விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலை) 42 கேட்கிறதே, போடுவதே வீணா?

தங்குவதற்கு, ஊருக்குத் தெற்கே லெனேஷியாவில் வீட்டுக்காரருடைய சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கிருந்து தினமும் போய்வர முடியுமா, இல்லை காலேஜ் பக்கத்திலேயே அறை பார்க்கணுமா? பையன் சைவம். நாங்கள் வேலை விசாவில் இருக்கிறோம், பிஆர் (நிரந்தரக் குடியுரிமம்) இன்னும் கைக்கு வரவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்:
அக்கா, முதலில் அந்த 36-ஐ ஓரமாக வையுங்கள். ஒரு பல்கலையின் ஏபிஎஸ்ஸை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது, அளவுகோலே வேறு. யுஜே லைஃப் ஓரியண்டேஷனைச் சேர்க்காது, மற்ற ஆறு பாடத்துக்கும் வழக்கமான 7 புள்ளி அளவுதான். விட்ஸில் 90-க்கு மேல் 8 புள்ளி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 60 தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2. லைஃப் ஓரியண்டேஷனுக்கும் கொஞ்சம் உண்டு.

தம்பி மார்க்கையே போட்டுப் பார்ப்போம். ஆங்கிலம் 6+2, கணிதம் 6+2, ஃபிசிக்கல் சயின்ஸ் 6, லைஃப் சயின்ஸ் 7, ஐடி 6, ஆப்பிரிக்கான்ஸ் 5, லைஃப் ஓரியண்டேஷன் 3. ஆக 43. இன்ஜினியரிங்குக்கு விட்ஸ் கேட்பது 42, கூடவே ஆங்கிலம், கணிதம், ஃபிசிக்கல் சயின்ஸ் மூன்றிலும் குறைந்தது 60 சதவீதம். வாசலைத் தாண்டிவிட்டான், ஆனால் வாசலை ஒட்டித்தான் நிற்கிறான். குறைந்தபட்சத்தைத் தொட்டவர்களுக்கெல்லாம் இடம் கிடைக்காது, மேலே இருப்பவர்களில் தொடங்கித்தான் நிரப்புவார்கள். மெட்ரிக் மார்க்கில் கணிதம் 80 தொட்டால் 44. அந்த 2 மார்க்குக்காக உழைப்பது நியாயம்.

பதினொன்றாம் வகுப்பு மார்க்கை வைத்து வருவது தற்காலிக இடம்தான். மெட்ரிக் மார்க் சரிந்தால் அதையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். விட்ஸ் தன் பட்டத்தை பிஎஸ்சி இன்ஜினியரிங் என்கிறது, யுஜேயும் பிரிட்டோரியா பல்கலையும் பிஇங் என்கின்றன. பெயர்தான் வேறு, தரம் ஒன்று. மூன்றும் நான்கு வருஷம், ஈசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சில்) அங்கீகாரம், நாடுகள் ஒன்றின் இன்ஜினியரிங் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் வருபவை. தென்னாப்பிரிக்கா அதில் 1999-இலும் இந்தியா 2014-இலும் முழு உறுப்பினர் ஆயின. ஆகவே நாளைக்கு இந்தியா திரும்பினாலும் பட்டத்துக்கு மதிப்பு உண்டு.

ஆனால் யுஜேயில் பிஇங்டெக் என்று இன்னொன்று இருக்கிறது. மூன்று வருஷம், சிட்னி உடன்படிக்கை (டெக்னாலஜிஸ்ட் படிப்புகளுக்கான அதே மாதிரி ஏற்பாடு), முடித்தால் புரொஃபெஷனல் டெக்னாலஜிஸ்ட் பாதை. மட்டமான படிப்பில்லை, கைவேலை பிடிக்கும் பிள்ளைகளுக்கு அருமையானது. ஆனால் பிஇங் என்று நினைத்துக்கொண்டு அதை டிக் செய்துவிடக் கூடாது. தங்கும் இடமும் இதைப் பொறுத்தே மாறும்: பிஇங் நடப்பது ஆக்லண்ட் பார்க் கிங்ஸ்வே வளாகத்தில், பிஇங்டெக் டூர்ன்ஃபான்டீனில். இரண்டும் ஒரே பல்கலை, ஆனால் நகரத்தின் வேறு வேறு மூலை. "யுஜே பக்கத்தில் அறை" என்று விளம்பரம் பார்த்தால் எந்த யுஜே என்று கேளுங்கள்.

விட்ஸ் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் செப்டம்பர் 30. ரெசிடன்ஸ் விண்ணப்பத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள். ஜனவரியில் நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். 2012 ஜனவரியில் யுஜே வாசலில் கடைசி நேரக் கூட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார். அதற்குப் பிறகு அந்த வழி அடைபட்டுப் போனது.

பத்தாயம்:
படிப்பைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, இருப்பிடத்துக்கு வருகிறேன்.

லெனேஷியாவிலிருந்து, விட்ஸ் இருக்கும் பிராம்ஃபான்டீன் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கூகுள் மேப் பார்த்து ஏமாறாதீர்கள், திங்கள் காலை ஆறரைக்குப் பாருங்கள். ரெயா வாயா பஸ் சொவேட்டோவுக்கு ஓடுகிறது, லெனேஷியாவுக்கு இல்லை. கார் இல்லையென்றால் டவுன் வரை ஒரு டாக்சி (பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ்), அங்கிருந்து இன்னொன்று. முதல் வருஷ இன்ஜினியரிங்கில் மத்தியானம் லேப், டுடோரியல் என்று ஐந்து மணி வரை இழுக்கும். ஜூன் மாதம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். இருட்டில் டாக்சி ஸ்டாண்டில் நின்று மாறி ஏறி, எட்டு மணிக்கு வீடு சேர்ந்து, அதற்குப் பிறகு எப்போது அசைன்மென்ட் எழுதுவது? சித்தப்பா வீடு சனி ஞாயிறுக்கு, காய்ச்சல் வந்தால் போய்ப் படுக்க, தீபாவளிக்கு. தினப்படிக்கு அது ஆகாது.

விட்ஸ் என்றால் பிராம்ஃபான்டீன் அல்லது பார்க்டவுன். பிராம்ஃபான்டீன் நடை தூரம், மாணவர் கட்டடங்கள் நிறைய. பகலில் யோரிசன் தெருவிலும் டி கோர்ட்டே தெருவிலும் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். வெள்ளி, சனி இரவு யூட்டா தெருப் பக்கம் பாட்டுச் சத்தத்தில் தூக்கம் வராது, அறை எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெல்சன் மண்டேலா பாலத்தைத் தாண்டி நியூடவுனுக்கு இருட்டிய பிறகு நடக்க வேண்டாம். பார்க்டவுன் அமைதி, மரநிழல், ஆனால் கடைகண்ணி தூரம். விட்ஸ் பஸ் ஓடுகிறது, இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடம் உதவும்.

யுஜே கிங்ஸ்வே என்றால் ஆக்லண்ட் பார்க், மெல்வில், ராஸ்மோர், ஹர்ஸ்ட்ஹில், பிரிக்ஸ்டன். இங்கே அடுக்குமாடி குறைவு, பழைய வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவார்கள். யுஜே அங்கீகரித்த வீடா என்று பட்டியலில் சரிபாருங்கள். அங்கீகாரம் இல்லாத வீட்டில் ஒரு குளியலறைக்குப் பத்துப் பேர் என்பதெல்லாம் நடக்கும். டூர்ன்ஃபான்டீன் என்றால் யுஜேயின் சொந்த விடுதி, அல்லது கிங்ஸ்வே பக்கம் தங்கி வளாகங்களுக்கிடையே ஓடும் யுஜே பஸ்ஸில் போவது. அந்த வளாகத்தை அடுத்த எல்லிஸ் பார்க் ஸ்டேடியத்தைச் சுற்றி வெளி அறை எடுத்துத் தனியாக நடப்பது சரிவராது.

மொத்தத்தில் அளக்க வேண்டியது கடைசி ஒரு கிலோமீட்டரை. லைப்ரரி வாசலிலிருந்து அறைக்கதவு வரை இரவு ஒன்பது மணிக்கு எப்படிப் போவான்? அதற்கு நல்ல பதில் இல்லாத இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

லெனேஷியா தெற்கு:
லெனேஷியாவை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே. கார் பகிர்ந்து போகிற மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள், வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு. காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே ஓடுகிறது. இன்ஜினியரிங் முதல் வருஷத்துக்கு மட்டும் பத்தாயம் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வெளி அறை எடுப்பதானால் ஒப்பந்தம் பற்றி.

நேரில் பார்க்காமல், சாவி கையில் வாங்காமல் ஒரு ராண்ட்கூட அனுப்பாதீர்கள். ஜனவரியில் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் வேறு யாருடைய அறைப் படத்தையோ போட்டு, "இன்றே டெபாசிட் போட்டால் பிடித்து வைக்கிறேன்" என்று இவாலெட் (போன் வழியாகப் பணம் அனுப்பும்) எண் தருவார்கள். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டால் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (வீட்டுத் தரகர் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சான்று) கேளுங்கள். அது இல்லாமல் கமிஷன் வாங்க அவருக்கு உரிமை இல்லை.

10 மாதமா, 11 மாதமா, 12 மாதமா என்று பாருங்கள். பிப்ரவரி முதல் நவம்பர் வரை 10 மாதம் போதும். 12 மாதத்தில் கையெழுத்துப் போட்டால் டிசம்பர், ஜனவரியில் பூட்டிய அறைக்கு வாடகை.

1999-ஆம் வருஷ வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட் வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும். குடிபோகும் முன்பும், காலி செய்யும் முன் மூன்று நாளுக்குள்ளும், இரண்டு தரப்பும் சேர்ந்து அறையைப் பார்க்க வேண்டும். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 நாளில் பணம் திரும்ப வேண்டும், பழுது பார்த்தால் அது முடிந்து 14 நாளில். பிள்ளைகள் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே பஸ் ஏறிவிடுவார்கள். சேர்ந்து பார்க்கும் நாளுக்கு வராமல் போனால் வீட்டுக்காரரே தனியாகப் பார்த்து, 21 நாள் எடுத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ள இடம் கொடுத்ததாகும். குடிபோகும் அன்றே சுவர், மெத்தை, ஜன்னல் கொக்கி, குழாய் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கே இமெயில் செய்துவிடுங்கள்.

உயரக் கட்டடம் என்றால் தண்ணீர் கேளுங்கள். மேல் மாடிக்கு பம்ப் ஏற்றினால்தான் வரும். மின்சாரம் போனால் பம்பும் லிஃப்டும் சேர்ந்தே நிற்கும். "ஜெனரேட்டர் இருக்கிறது" என்றால் அது பம்பையும் ஓட்டுமா, இல்லை வராந்தா விளக்கு மட்டுமா? இப்போது லோட்ஷெடிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) குறைந்திருக்கிறது, ஆனால் கேபிள் திருட்டுக்கும் குழாய் உடைவதற்கும் கால அட்டவணை கிடையாது. பதினான்காம் மாடியில் பக்கெட்டோடு படியேறிப் பார்த்தால்தான் தெரியும்.

ரிச்சர்ட்ஸ்பே அம்மா:
ரொம்ப நன்றி. 43 என்று பார்த்ததும் பையன் முகமே மாறிவிட்டது. விசா, சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
விசா: தம்பியின் இப்போதைய படிப்பு விசாவில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கும், அது பல்கலைக்குச் செல்லாது. இடம் கிடைத்த கடிதம் வந்ததும் விஎஃப்எஸ்ஸில் (விசா விண்ணப்ப மையம்) புதிதாகப் போடுங்கள். பழையது முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். இங்கே பதிவு பெற்ற மெடிக்கல் ஸ்கீமில் காப்பீடு அவசியம். கட்டணம்தான் பெரிய விஷயம். பிஆர் இருந்தால் உள்ளூர்க் கட்டணம். வேலை விசாவில் இருப்பவர் பிள்ளைக்கு எந்தக் கட்டணம் என்று ஒவ்வொரு பல்கலையின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் இமெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்ன பதிலை மட்டும் நம்பிவிடாதீர்கள், வித்தியாசம் ஒரு கார் விலை இருக்கும்.

பத்தாயம்:
சாப்பாடு: விடுதியில் சாப்பாட்டோடு வருவது, சொந்தச் சமையல் என்று இரண்டு வகை. சைவப் பிள்ளைக்குச் சொந்தச் சமையலே நிம்மதி. ஆனால் பல விடுதிகளில் அறைக்குள் ஹாட்பிளேட் கூடாது, பொதுச் சமையலறைதான். அங்கே மற்றவர்கள் போர்வோர்ஸ் (மாட்டிறைச்சி சாஸேஜ்) பொரித்த அதே சட்டிதான் இருக்கும், தனிச் சட்டியும் பூட்டுப் போட்ட பெட்டியும் கொடுத்தனுப்புங்கள்.

ஊர் 1,750 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். மூன்று லிட்டர் குக்கர் கட்டாயம், கூடவே உதிரி கேஸ்கட் ஒன்று. பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு ஃபோர்ட்ஸ்பர்க், விட்ஸிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஜூன், ஜூலையில் இட்லி மாவு மேஜையில் வைத்தால் புளிக்காது. ஓவனை அணைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கோயில் என்றால் மெல்ரோஸ் சிவ சுப்பிரமணியர் கோயில். கௌட்ரெய்ன் என்ற வேக ரயிலில் பார்க் ஸ்டேஷனில் ஏறினால் அடுத்ததே ரோஸ்பேங்க், அங்கிருந்து ஊபர்.

டாக்சிக்குக் கை காட்டுவதையும் சொல்லிக்கொடுங்கள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் டவுன், கீழே காட்டினால் பக்கத்தில்தான். ரோபாட்டில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) நிற்கும்போது போன் பாக்கெட்டுக்குள் இருக்கட்டும்.